கிராப்பிக்கு எந்த நிறம்? டல்லாஸ் பக்கத்து மூன்று ஏரிகளில் போட்டுப் பார்த்த இரைகள்

டல்லாஸுக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள ஏரிகளில் கிராப்பி என்ற நன்னீர் மீனைப் பிடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு இரையில் மூன்று நிறம் போதும். வெள்ளையை ஒட்டி ஒன்று, கறுப்பு உடலும் சார்ட்ரூஸ் (பளிச்சென்ற மஞ்சள்பச்சை) வாலுமாக ஒன்று, தெளிந்த தண்ணீருக்கு ஒளி ஊடுருவும் உடல்வாகில் ஒன்று. கடைச் சுவரில் தொங்கும் நூறு பாக்கெட்டுகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். எந்த ஏரிக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நிறத்தையும் அந்த ஏரிதான் சொல்லும், எத்தனை மீன் வீட்டுக்கு எடுத்து வரலாம் என்பதையும் அந்த ஏரிதான் சொல்லும். டெக்சாஸில் இந்த இரண்டாவது விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் தூண்டில் போடும் நம் ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இரையைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் வைலியில் இருக்கிறேன். லவான் ஏரி பக்கத்திலேயே. மேட்டூர்க்காரி என்பதால் அணைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவள், ஆனால் கிராப்பியை இங்கே வந்துதான் பார்த்தேன். தட்டையான வெள்ளி உடம்பு, பெரிய கண், மெல்லிய வாய். சதை வெள்ளை வெளேரென்று இருக்கும், முள் குறைவு. மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி அரைமணி நேரம் ஊறவைத்து வறுத்தால் வீட்டில் குழந்தைகள் வேறு மீன் கேட்பதில்லை. இதில் வெள்ளைக் கிராப்பி, கறுப்புக் கிராப்பி என இரண்டு இனம் உண்டு. முதுகுத் துடுப்பின் முன்பக்கம் உள்ள முள்ளை எண்ணினால் தெரிந்துவிடும்: ஆறு அல்லது அதற்குக் குறைவு என்றால் வெள்ளை, ஏழு எட்டு என்றால் கறுப்பு. உடம்பின் நிறத்தை நம்பி இனம் பிரிக்கக் கூடாது, ஏனென்றால் முட்டையிடும் காலத்தில் ஆண் மீன்கள் நன்றாகக் கறுத்துவிடும். சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான், சேர்த்தே கணக்கு.

நான் பயன்படுத்துவது பெரும்பாலும் பாபி கார்லண்ட் கம்பெனியின் பேபி ஷாட். இரண்டு அங்குல மென்பிளாஸ்டிக் இரை. உடம்பு, பெரிய மீன்களுக்கு இரையாகும் சின்னஞ்சிறு ஷாட் மீனின் வடிவம், வால் ஊசியாக மெலிந்திருக்கும். கையை அசைக்காமல் பிடித்திருந்தாலும் அந்த வால் மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். கிராப்பிக்கு அதுதான் வேண்டும், துரத்திப் பிடிக்கும் மீன் இல்லை இது. நான்கைந்து டாலருக்கு ஒரு பாக்கெட் கிடைக்கிறது. பதினாறில் ஒரு அவுன்ஸ் ஜிக் தலையில், அதாவது ஈயக் குண்டோடு சேர்ந்த தூண்டில் முள்ளில் கோத்து, நான்கு அல்லது ஆறு பவுண்டு நரம்பில் கட்டுகிறேன். காற்று இல்லாத நாளில் முப்பத்திரண்டில் ஒரு அவுன்ஸ் போதும், அது இன்னும் மெதுவாக இறங்கும். கோக்கும்போது முள் நேராக முதுகின் நடுவில் வெளியே வர வேண்டும். சற்றே வளைந்தாலும் இரை சுழலும், சுழலும் இரையைக் கிராப்பி தொடாது.

நிறத்துக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆழம் தவறினால் எந்த நிறமும் உதவாது. கிராப்பியின் கண் மேல்நோக்கி அமைந்தது. தனக்கு மேலே வருவதைப் பார்க்கும், மேலே எழுந்து வந்து வாயில் எடுக்கும். தனக்குக் கீழே போவதை அநேகமாகக் கவனிப்பதே இல்லை. மீன் பத்தடியில் நின்றால் இரை எட்டு ஒன்பது அடியில் நிற்க வேண்டும். ஆழத்தைச் சரிசெய்து, இழுக்கும் வேகத்தைக் குறைத்து, அதற்குப் பிறகும் மீன் முகர்ந்துவிட்டுத் திரும்புகிறது என்றால் அப்போதுதான் நிறத்தை மாற்ற வேண்டும். இந்த வரிசையைக் காப்பாற்றினால் நிறம் நிஜமாகவே வித்தியாசம் காட்டும்.

லவான் ஏரியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிளேனோ, ஆலன், மெக்கின்னி பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் அருகில். கறுப்புக் களிமண் பூமியின் நடுவில் கட்டிய நீர்த்தேக்கம், பரந்து கிடக்கிறது, ஆழம் குறைவு. தெற்கிலிருந்து இரண்டு நாள் காற்றடித்தால் தண்ணீர் பால் அதிகம் விட்ட டீ நிறத்துக்கு வந்துவிடும். இங்கே மங்கி மில்க் என்ற நிறத்தைப் போட்டுப் பார்த்தேன். பால் வெள்ளை, உள்ளே மினுமினுப்பு. கடையில் கையில் எடுத்தால் வைக்க மனம் வராத அழகு. கலங்கிய லவானில் அது ஓரடிக்குக் கீழே இருக்குமிடமே தெரியவில்லை. அதே இடத்தில் கறுப்பு உடலும் சார்ட்ரூஸ் வாலும் கொண்ட டியூப்பை, அதாவது குழல் வடிவ மென்பிளாஸ்டிக் இரையைப் போட்டதும் தக்கை அசைய ஆரம்பித்தது. அந்த நிறச் சேர்க்கையை அநேகமாக எல்லாக் கம்பெனியும் விற்கிறது, கையில் கிடைப்பதை வாங்கலாம்.

அதற்குக் காரணம் இருக்கிறது. தெளிந்த தண்ணீரில் சிவப்புதான் முதலில் மங்கும், பிறகு செம்மஞ்சள், மஞ்சள். நீலமும் பச்சையும் ஆழம் வரை போகும். ஆனால் களிமண்ணும் பாசியும் மிதக்கும் தண்ணீரில் இந்த வரிசை குலைந்துவிடுகிறது. நீல ஒளியைத்தான் அவை முதலில் விழுங்குகின்றன. மஞ்சள் கலந்த பச்சையும் அதற்கு அப்பால் உள்ள மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களும் ஓரளவு தங்குகின்றன. சார்ட்ரூஸ் எடுபடுவது அதனால். கறுப்பு எடுபடுவது வேறு காரணத்தால். கீழேயிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளிறிய தண்ணீரின் முன்னால் கறுப்பு உருவம் விளிம்பு பிசகாமல் தெரியும். இரண்டையும் ஒரே இரையில் வைத்தால் கறுப்புக்கும் சார்ட்ரூஸுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடே மீனின் கண்ணில் படுகிறது.

நிறத்தைப் பற்றி இன்னொரு செய்தி, படித்ததிலிருந்து மனதில் நிற்கிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் லார்ஜ்மவுத் பாஸ் மீன்களுக்கு நிறங்களைப் பழக்கிச் சோதித்தார்கள். சிவப்பையும் பச்சையையும் அந்த மீன்கள் நன்றாகப் பிரித்தறிந்தன. சார்ட்ரூஸ் மஞ்சளையும் வெள்ளையையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டன. நீலத்தையும் கறுப்பையும் அப்படியே குழப்பின. பாஸும் கிராப்பியும் ஒரே குடும்பம்தான், சென்ட்ரார்க்கிடே. பாஸுக்குக் கண்டது கிராப்பிக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தண்ணீரில் நான் பார்ப்பது அதோடு ஒத்துப்போகிறது. வெள்ளைக்குப் பதில் வெளிர்சார்ட்ரூஸ் போட்டதால் மீன் கூடியதாக எனக்குத் தெரியவில்லை. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்கு மாறும்போதுதான் மாற்றம் தெரிகிறது. ஆகவே பெட்டியில் பத்து வகை வெள்ளை வைத்திருப்பதைவிட ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் வைத்திருப்பது மேல்.

தண்ணீரின் தெளிவை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். வெள்ளை ஜிக் ஒன்றை நரம்பில் கட்டி நிழல் பக்கமாக இறக்குங்கள். ஓரடிக்குள் மறைந்தால் கறுப்பு-சார்ட்ரூஸ். மூன்று நான்கு அடி வரை கண்ணுக்குத் தெரிந்தால் வெளிர் நிறமும் ஊடுருவும் நிறமும். இடையில் இருந்தால் வெள்ளையில் தொடங்கலாம். என் மகன் இதை ஏரிக்குப் போனதும் செய்யும் முதல் வேலையாக வைத்திருக்கிறான், "அம்மா, இன்னைக்குக் கறுப்புதான்" என்று அவனே சொல்லிவிடுவான்.

லவானில் சட்டம் எளிது, மாநிலம் முழுவதற்குமான பொது விதிதான். கிராப்பி குறைந்தது 10 அங்குலம் இருக்க வேண்டும், ஒருவர் ஒரு நாளில் 25 மீன் வரை எடுக்கலாம். 10 அங்குலத்துக்குக் கீழே என்றால் உடனே தண்ணீரில் விட வேண்டும். லவானில் ஒன்பது, ஒன்பதரை அங்குல மீன்கள் ஏராளமாகச் சிக்கும், அதனால் இந்த விதி தூண்டிலில் இரை கோக்கும்போதே நினைவில் இருக்க வேண்டும். கிராப்பியின் வாய் காகிதம்தான், லேசாக இழுத்தாலும் கிழியும். நான் தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு நுனியைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். விட வேண்டிய மீன் வாய் கிழியாமல் போகிறது. நரம்பைத் தொய்வில்லாமல் வைத்திருந்தால் எடுக்க வேண்டிய மீனும் தப்பிப் போவதில்லை.

ரே ராபர்ட்ஸ் ஏரிக்குப் போனால் எல்லாம் மாறிவிடுகிறது. டென்டனுக்கு வடக்கே, ஃபிரிஸ்கோவிலிருந்து போகத் தோதான தூரம். லவானைவிடத் தெளிந்த தண்ணீர். வரிக்குதிரைச் சிப்பி என்று சொல்லக்கூடிய ஸீப்ரா மஸ்ஸல் 2012-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சிப்பி தண்ணீரை வடிகட்டி அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்பது. ஏரிக்குச் செய்யும் கெடுதல் பெரிது. அதனால்தான் டெக்சாஸில் படகை ஏரியிலிருந்து வெளியே எடுத்ததும் படகுக்குள், இரைத் தொட்டிக்குள் உள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். கயாக் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும். இதை மறந்து நேராக அடுத்த ஏரிக்குப் போவது பெரிய தீங்கு.

இங்கேதான் மங்கி மில்க் தன் விலைக்கு வேலை செய்தது. மூழ்கிய மரங்களுக்குப் பக்கத்தில், வெயில் ஏறிய பிறகு, கறுப்பு-சார்ட்ரூஸை மீன் பின்தொடர்ந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மங்கி மில்க்கை எட்டடியில் நிறுத்தியதும் நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. கிராப்பி எடுக்கும்போது பெரும்பாலும் அப்படித்தான், இழுப்பு தெரியாது, நரம்பு நகரும் அல்லது திடீரென்று தளரும். ப்ளூ ஐஸ் என்ற இன்னொரு பாக்கெட்டும் இங்கே நன்றாகப் பலித்தது, லேசான நீலம் ஓடும், வெளிச்சம் உள்ளே போய் வெளியே வரும் உடம்பு. இந்த ஏரிகளில் கிராப்பி தின்பது பெரும்பாலும் ஷாட் குஞ்சுகளை. அந்தக் குஞ்சுகளும் வெயிலில் அப்படித்தான் பாதி தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மங்கி மில்க்கை வாங்குங்கள், மேகமூட்டத்திலும் அது ஓரளவு தெரியும். ப்ளூ ஐஸ் வெயில் நாளுக்கு மட்டும்.

வெள்ளி நிற இரைக்கு வேறு விருந்தாளியும் வரும் என்பதை ரே ராபர்ட்ஸில் எதிர்பார்த்திருங்கள். வெள்ளை பாஸ் கூட்டமாக வந்து அதே ஜிக்கை அடிக்கும். அதற்கும் பொது விதி 10 அங்குலம், 25 மீன், ஆனால் கிராப்பிக் கணக்கோடு சேராது, அது தனிக் கணக்கு. எது எது என்று பிரிக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பனிப்பெட்டியில் போட்டு வைத்தால் எண்ணும்போது தடுமாற வேண்டிவரும்.

எலக்ட்ரிக் சிக்கன் என்று ஒரு நிறம் உண்டு, ரோஜா நிறமும் சார்ட்ரூஸும் சேர்ந்தது. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் அறுபது டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும்போது கிராப்பி கரையோரம் இரண்டு மூன்று அடித் தண்ணீருக்கு முட்டையிட வரும். அப்போது ஆண் மீன் குழியைக் காவல் காக்கிறது, கண்ணில் பட்டதை எல்லாம் விரட்டி அடிக்கும். அந்த வாரங்களில் இந்த நிறம் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அந்த வாரங்களில் எந்த நிறமும் வேலை செய்கிறது. வருடம் முழுக்கப் பெட்டியில் இடம் கொடுக்க வேண்டிய நிறம் என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாவது லேக் ஃபோர்க். நான் அதிகம் நேசிக்கும் ஏரி இதுதான், சட்டத்தை அதிகம் கவனிக்க வேண்டிய ஏரியும் இதுதான். டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம். 1980-இல் அணை கட்டி முடித்தபோது மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டார்கள், இன்றும் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேலே வரிசையாக நிற்கின்றன. உலகமெங்கும் இதன் பெயர் தெரிவது பெரிய பாஸ் மீனுக்காக. டிசம்பர் வந்தால் கிராப்பிக்காரர்களின் முறை. 154, 515 நெடுஞ்சாலைப் பாலங்களைச் சுற்றி ஆழத்தில் கிராப்பி குவிந்து நிற்கும், முப்பதடிக்கும் கீழே.

இங்கே டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை பொது விதி செல்லாது. அந்த மூன்று மாதமும் குறைந்தபட்ச நீளம் கிடையாது. நீங்கள் பிடிக்கும் ஒவ்வொரு கிராப்பியையும் வைத்துக்கொள்ள வேண்டும், திருப்பி விடக் கூடாது. ஏழு அங்குலமோ பதினான்கு அங்குலமோ, முதலில் சிக்கும் 25-தான் உங்கள் 25. அது நிறைந்ததும் கிராப்பி பிடிப்பதை நிறுத்த வேண்டியதுதான். லேக் ஓ' த பைன்ஸ் ஏரிக்கும் இதே விதி உண்டு. சிறியதை விட்டுவிடுவது நல்ல காரியம் என்று பழகியவர்களுக்கு இது முதலில் விளங்காது. லவானில் செய்தால் சட்டம், அதையே ஜனவரியில் ஃபோர்க்கில் செய்தால் குற்றம்.

விதியின் காரணம் மீனின் உடம்புக்குள் இருக்கிறது. முப்பது நாற்பதடி ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது நீரின் அழுத்தம் குறைந்து, மீனின் காற்றுப்பை ஊதிப் பெருக்கிறது. கண் பிதுங்கும், வயிறு மேலே பார்த்து மிதக்கும். விட்டாலும் அவற்றில் பெரும்பங்கு பிழைப்பதில்லை. பெரிய மீன் வேண்டும் என்று ஒருவர் ஐம்பது சிறிய மீனைப் பிடித்து விட்டுக்கொண்டே இருந்தால் அந்த ஐம்பதில் பெரும்பகுதி சாகும், கணக்கில் ஒன்றும் வராது. அதற்குப் பதில் பிடித்ததை எண்ணி வைத்துக்கொள், எண்ணிக்கை ஆனதும் கிளம்பு என்கிறது சட்டம். மீனை மதிக்கிற விதி என்று நான் இதை முழுமனதாக ஏற்றுக்கொள்கிறேன்.

இந்த விதி இரையையும் தீர்மானிக்கிறது. அவ்வளவு ஆழத்தில் நிறத்தின் சாயல்கள் கரைந்துவிடும், வெளிர், அடர் என்ற இரண்டு மட்டும் மிஞ்சும். சின்ன மீனைத் திருப்பி விட முடியாது என்பதால் சின்ன மீனைக் கூப்பிடாத இரை வேண்டும். அதனால் இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு இரண்டரை, மூன்று அங்குல இரையைக் கட்டுகிறேன். ஜிக் தலையும் எட்டில் ஒரு அவுன்ஸாக மாறுகிறது, அவ்வளவு கீழே இறங்க எடை வேண்டும். முதல் இரண்டு மூன்று மீன் சிறியவையாக வந்தால் அந்த இடத்தையே விட்டு நகர்ந்துவிட வேண்டும். நிறத்தை மாற்றிக்கொண்டு அங்கேயே நிற்பது உங்கள் 25-ஐச் சிறிய மீனில் கரைப்பதுதான். பாபி கார்லண்டின் மோ குளோ வகையை நான் வாங்கியது ஃபோர்க்குக்காகத்தான். டார்ச் வெளிச்சத்தில் காட்டிவிட்டு இறக்கினால் சிறிது நேரம் ஒளிரும். விடியும் முன்பும் மேகம் கவிந்த நாளிலும் நல்ல பலன் கொடுத்தது. நல்ல வெயிலில் சாதாரண வெள்ளைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு காணவில்லை. ஒளிரும் தன்மையை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் பொறுமை உள்ளவர்களுக்கான பாக்கெட் இது.

படகின் முன்பக்கத் திரையில் மீனை நேரடியாகப் பார்த்துப் பிடிக்கும் சோனார் வந்த பிறகு ஃபோர்க்கில் நிறம் பற்றிய பேச்சே குறைந்துவிட்டது. மீன் இரையைப் பார்த்துத் திரும்புவதைத் திரையில் பார்த்தவுடன் அடுத்த நிறத்துக்கு மாறுகிறார்கள். என்னிடம் அது இல்லை. கரையிலிருந்தும் பாலத்தடியிலிருந்தும் பிடிக்கிறவளுக்கு நரம்பும் விரலும்தான் திரை, எனக்கு அது போதும்.

வடக்கே ஓக்லஹோமா எல்லையில் உள்ள டெக்ஸோமா ஏரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வரி: அங்கே கிராப்பி ஒரு நாளைக்கு 37, நீளம் அதே 10 அங்குலம். இரண்டு மாநிலத் தண்ணீரிலும் பிடிக்க டெக்ஸோமாவுக்கென்றே தனி உரிமம் இருக்கிறது.

இத்தனை விதியையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை அவுட்டோர் ஆனுவல் என்ற பெயரில் விதிகளை வெளியிடுகிறது, போன் செயலியாகவும் இலவசம். இந்தக் கட்டுரையில் நான் பரிந்துரைப்பதில் முதலிடம் அதற்குத்தான், எல்லா இரைக்கும் மேலே. சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கிறது, ஃபோர்க்கின் ஓரங்களில் அது பெரிய உதவி. ஒவ்வொரு மீனுக்கும் பொது விதி ஒரு பக்கம், ஏரி வாரியாக விதிவிலக்கு ஒரு பக்கம். பொது விதியைப் படித்ததோடு நிறுத்திவிடாமல் உங்கள் ஏரியின் பெயரை விதிவிலக்குப் பட்டியலில் தேடுங்கள். லவான் அதில் கிராப்பிக்காக வராது, ஃபோர்க் வரும். விதிகள் செப்டம்பர் 1-ஆம் தேதியோடு புதிதாகும், பழைய ஆண்டின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிடுவதை நம்பாதீர்கள்.

உரிமமும் அந்தத் தேதியை ஒட்டித்தான். சாதாரண நன்னீர் உரிமம் டெக்சாஸ்வாசிக்கு 30 டாலர், ஆகஸ்ட் 31-இல் முடிந்துவிடும். ஜூலையில் எடுத்தால் அடுத்த மாதமே முடிந்துபோகும். நடுவில் ஆரம்பிக்கிறவர்களுக்கு, வாங்கிய மாதத்திலிருந்து ஓராண்டு செல்லுபடியாகும் உரிமம் 47 டாலருக்கு இருக்கிறது, கடலுக்கும் சேர்த்து. டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்திருந்தால் நீங்கள் டெக்சாஸ்வாசிதான், குடியுரிமையோ பச்சை அட்டையோ வேண்டியதில்லை. பதினேழு வயது ஆகாத பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை, ஆனால் எண்ணிக்கையும் நீளமும் அவர்களுக்கும் உண்டு. கணவன் எடுத்த உரிமத்தில் மனைவியும் தூண்டில் பிடிக்க முடியாது, ஆளுக்கு ஒன்று.

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சலுகைக் கட்டணம் டெக்சாஸ்வாசிகளுக்கானது, மூன்று மாதம் தங்க வரும் பெற்றோருக்குக் கிடைக்காது. அவர்களுக்கு வெளியாள் உரிமம் வேண்டும்: ஆண்டுக்கு 58 டாலர், ஒரு நாளைக்கு என்றால் 16. அல்லது மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். டெக்சாஸ் மாநிலப் பூங்காவின் எல்லைக்குள், கரையிலோ மீன்பிடி மேடையிலோ நின்று பிடிப்பதற்கு யாருக்கும் உரிமம் தேவையில்லை. நுழைவுக் கட்டணம் மட்டும். ரே ராபர்ட்ஸில் ஐல் டு பாய் பகுதி அப்படிப்பட்ட பூங்காதான். என் அப்பாவை அங்கேதான் கூட்டிப்போனேன். மேட்டூரில் பரிசல்காரர்களோடு பழகிய மனிதர், தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, வெயில் இப்படி அடிக்குது, அந்த வெள்ளையைப் போடு" என்றார். செயற்கை இரையை அன்றுதான் முதன்முதலில் தொட்டவர் அவர். எண்ணிக்கையும் நீளமும் பூங்காவுக்குள்ளும் மாறாது என்பதை மட்டும் அவருக்குச் சொல்லி வைத்தேன்.

மீன்பிடி, வேட்டை விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான கேம் வார்டன் வந்து பனிப்பெட்டியைத் திறக்கச் சொல்வது இங்கே சாதாரணம். என்னிடமும் கேட்டிருக்கிறார், உரிமத்தைப் பார்த்தார், நாலைந்து மீனை எடுத்து அளந்தார், வாழ்த்திவிட்டுப் போனார். பயப்பட ஒன்றும் இல்லை. ஒவ்வொருவர் பிடித்ததையும் தனிப் பையில் போட்டு வையுங்கள், நான்கு பேர் மீனும் ஒரே குவியலாக இருந்தால் யாருடையது எத்தனை என்று காட்ட முடியாது. படகில் இருக்கும்போதே தலையையும் வாலையும் வெட்டிவிடக் கூடாது, அளக்க முடியாமல் போகும். இரண்டு இரவு தங்கிப் பிடிக்கிறவர்கள், கையில் வைத்திருக்கக்கூடியது நாள் வரம்பின் இரண்டு மடங்குதான் என்பதை நினைவில் வையுங்கள். பிடித்த மீனைத் தின்னாமல் கரையில் வீசிவிட்டுப் போவதும் டெக்சாஸில் குற்றம். நீளத்திலோ எண்ணிக்கையிலோ தவறினால் அபராதம் 25 முதல் 500 டாலர் வரை, அதற்கு மேல் மீனின் மதிப்பையும் மாநிலத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டிவரும்.

புதிதாகத் தொடங்குகிறவர் கடைக்குள் போனால் இதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம்: மங்கி மில்க் ஒரு பாக்கெட், கறுப்பு-சார்ட்ரூஸ் டியூப் ஒரு பாக்கெட், பதினாறில் ஒரு அவுன்ஸ் ஜிக் தலை ஒரு பாக்கெட், தக்கை ஒன்று. இருபது டாலருக்குள் முடியும். ரே ராபர்ட்ஸுக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் ப்ளூ ஐஸையும் சேருங்கள். ஃபோர்க்கில் குளிர்காலம் என்றால் மூன்று அங்குல வெள்ளை. ஜிக் தலையின் நிறத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம், பூச்சில்லாத ஈயத் தலையே போதும். கிராப்பி நிபிள்ஸ் என்று பெர்க்லி கம்பெனி விற்கும் வாசமுள்ள சிறு மணிகளை முள் நுனியில் ஒன்று குத்திவிட்டால், தண்ணீர் குளிர்ந்து மீன் தயங்கும் நாளில் கூடுதலாக ஓரிரு நொடி இரையை வாயில் வைத்திருக்கிறது. கலங்கல் தண்ணீரில் அதன் உதவி இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே கண்ணைவிட வாசம் கொஞ்சம் முன்னால் போகிறது.

கூடவே அளவுப் பலகை ஒன்றையும் வாங்குங்கள். துணி டேப் வேண்டாம், மீனின் வயிற்றுப் புடைப்பில் வளைந்து அரை அங்குலம் கூட்டிக் காட்டும். டெக்சாஸ் முறைப்படி மீனைத் தட்டையாகக் கிடத்தி, வாயை மூடி, வாலின் இரு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, மூக்கிலிருந்து வால் நுனி வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். பலகையின் ஒரு முனையில் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மூக்கு அதில் முட்டி நின்றால்தான் பத்து அங்குலம் என்பது பத்து அங்குலமாக இருக்கும்.